புரட்டி மடித்த வீடு

எதையும் மடிப்பதற்கு முன்னால் துரைக்கண்ணு மாமா அதன்மேல் ஒருமுறை நகத்தை இழுப்பார். பஸ் டிக்கெட், ரேஷன் கடைச் சீட்டு, பரோட்டா சுற்றி வந்த செய்தித்தாள், எதுவானாலும் சரி. வலது கட்டைவிரல் நகம். அதை மட்டும் வெட்டமாட்டார். தடித்து, மஞ்சளேறி, ஓரம் மழுங்கி மாட்டுக்கொம்பு நுனி மாதிரி இருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் நகம் ஒரு கோடு இழுக்கும், பிறகுதான் தாள் மடியும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அதற்காகத் தாலுகா ஆபீஸில் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழையும் அவர் அப்படித்தான் நகத்தால் இழுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்து எடுத்துவந்தார். என் பெயரின் நடுவில் ஒரு கோடு இன்றும் ஓடுகிறது.

"காயம் பட்ட எடத்துலதான்டி மடியும்" என்பார். "காயம் படுத்தாம மடிச்சா, அது இஷ்டத்துக்கு ஒடியும்."

அவர் என் அம்மாவின் தம்பி. செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் அவர் கடை. ஒரு ஷட்டர் அகலம். ஜெராக்ஸ், லேமினேஷன், அதோடு அட்டையில் மாடல் செய்வது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கோட்டை வேண்டுமென்று பிள்ளைகள் வருவார்கள். ராஜகிரி என்றால் முகம் சுளிப்பார். மலைக்கு வளைவு அதிகம், மடிப்பில் வராது. கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் என்றால் உடனே வேலைக்கு உட்கார்ந்துவிடுவார். அடுக்குக்கு மேல் அடுக்கு, எல்லாமே நேர்கோடு. வீடு கட்டப் போகிறவர்களுக்கும் இன்ஜினீயர் கொடுக்கும் பிளானைப் பார்த்துக் குட்டி வீடு செய்து கொடுப்பார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் மென்மையான வேலை என்று யாருக்கும் தோன்றாது. அட்டையை இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை வளைப்பார். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தத் திசையில்தான் அதன் நரம்பு ஓடுகிறது. முக்கியமான மடிப்பு நரம்போடு போக வேண்டும், குறுக்கே போனால் மேல்தோல் வெடிக்கும். அப்புறம் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் கோடு விழும்வரை அழுத்தி இழுப்பார். கனத்த அட்டையென்றால் கட்டரால் அரை ஆழத்துக்கு வெட்டுவார். வெட்டு எப்போதும் வெளிப்பக்கம், மடிப்பு வெட்டுக்கு எதிர்ப்பக்கம். விரலால் மடிக்கக் கூடாது. ஸ்கேலைக் கோட்டின்மேல் கிடத்தி, அதன்மேல் முட்டி போட்டு, அட்டையைக் கீழிருந்து மேலே தூக்க வேண்டும். கடைசியில் நகத்தால் ஒரே இழுப்பு. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கும்.

அவரை நல்லவர் என்று எழுத நான் உட்காரவில்லை. அத்தை அவரோடு வாழ்ந்தது இரண்டு வருடம். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முன்கையைக் காட்டினாள். ஸ்கேல் விளிம்பால் அடித்த தடம், தாளில் இழுத்த கோடு மாதிரி நேராக, கன்றிப்போய் இருந்தது. "உன் தம்பி அடிக்கிறதுகூட அளவெடுத்துதான் அடிக்கிறான் அண்ணி" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் அனந்தபுரம் பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. மாமா போய்க் கூப்பிடவும் இல்லை.

தொண்டூர்க் கொலை நடந்தது ஆறு வருடத்துக்கு முன்னால்.

ஜெயஸ்ரீ என்று ஒரு பெண். உள்ளூரிலேயே, தாய்வீட்டுக்கு அடுத்த மனையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் இளவழகன். காலை பத்து மணி இருக்கும். ஜெயஸ்ரீயின் அம்மா காத்தாயி தன் வீட்டு வாசலோரம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். மகள் வீட்டுக் கிழக்குச் சுவரில் ஒரு சன்னல். காத்தாயி உட்கார்ந்த இடத்திலிருந்து பத்தடி. சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது மருமகன் மகளின் முடியைப் பிடித்துச் சன்னல் கம்பியில் மோதிக்கொண்டிருந்தான். ஒருமுறை, இரண்டுமுறை. பிறகு அவள் கீழே சரிந்தாள். அவன் குனிந்து அம்மிக் குழவியைத் தூக்கினான். காத்தாயி கத்திக்கொண்டே தெரு வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு ஓடினாள். கதவு தாழிட்டிருந்தது. ஆட்கள் கூடி உடைத்து உள்ளே போனபோது புழக்கடைக் கதவு திறந்து கிடந்தது. அவன் இல்லை. ஜெயஸ்ரீயின் முகம் முகமாக இல்லை.

அரை மணி கழித்து வயலிலிருந்து வருகிறவன் மாதிரி மண்வெட்டியோடு வந்து, "அய்யோ எந்தப் பாவி செஞ்சான்" என்று அவனே மாரில் அடித்துக்கொண்டு அழுதான். பார்த்தவள் காத்தாயி ஒருத்திதான்.

கோர்ட்டுக்கு வர மூன்று வருடம் ஆனது. இளவழகனின் வக்கீல் மாமா கடைக்கு வந்தார். வீட்டை இடிக்கப்போகிறார்கள், சாவு விழுந்த வீடு என்று அண்ணன் தம்பிகள் முடிவு செய்துவிட்டார்கள், அதற்குள் அளந்து ஒரு மாடல் செய்ய வேண்டும் என்றார். சன்னல் உயரம், நடுவில் முருங்கைமரம், அந்த அம்மா உட்கார்ந்த இடம் எல்லாம் வர வேண்டும். உட்கார்ந்தவள் கண்ணுக்குச் சன்னலுக்குள் நடப்பது தெரியாது என்று ஜட்ஜுக்குக் காட்டுவதுதான் அவர் திட்டம்.

"தெரியுமா தெரியாதான்னு நான் சொல்லமாட்டேன் சார்" என்றார் மாமா. "இருக்குறத அளந்து மடிச்சித் தருவேன்."

"அது போதும்யா."

மாமா தொண்டூருக்குப் போய் டேப் பிடித்து அளந்துவந்தார். அடுத்த வாரம் வீடு இடிந்தது. அவர் நோட்டில் எழுதிய அளவு மட்டும்தான் மிச்சம்.

கோர்ட்டுக்கு முந்தின நாள் மதியம். கடையில் உதவிக்கு இருந்த நான் ஜெராக்ஸ் மிஷினில் நின்றிருந்தேன். மாமா நான்கு சுவரையும் ஒரே நீளப் பட்டையாக வெட்டி முடித்திருந்தார். முன்சுவர், கிழக்குச் சுவர், பின்சுவர், மேற்குச் சுவர். சன்னலும் கதவும் வெட்டி எடுத்தாகிவிட்டது. இன்னும் மடிக்கவில்லை. ஒரு பைக் வந்து நின்றது. காத்தாயியின் அண்ணன் மகன்கள் இரண்டு பேர்.

"இன்னா துரைக்கண்ணு, எங்க அத்த பொண்ணு செத்த வூட்ட பொம்ம பண்றியாமே?" பெரியவன் உள்ளே வந்தான்.

"கோர்ட்டுக்கு தம்பி. இருக்குறதத்தான் செய்யறேன்."

"கொலகாரன் துட்டுல செய்யற. எந்த விரலுடா மடிக்கிறது?"

 சின்னவனுக்கு அந்த நகம் கண்ணில் பட்டுவிட்டது. "இந்தக் கொம்புதான்ணா" என்றான். இரண்டு பேரும் அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். நான் கத்தினேன். எதிரே டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைப் பிடித்தபடியே பார்த்தார்கள். பெரியவன் அவர் மணிக்கட்டை மிதித்து, கட்டைவிரலை ஷட்டர் விழும் வாசற்படிக் கல்லில் நீட்டி வைத்தான். சின்னவன் ஷட்டரைப் பிடித்துத் தொங்கினான்.

ஷட்டர் இறங்கிய சத்தத்தில் மாமாவின் சத்தம் கேட்கவில்லை. ஷட்டரைத் தூக்கியபோது நகம் நடுவில் பிளந்து ஒரு பாதி சதையோடு தொங்கியது.

பைக் போய்விட்டது. அவர் எழுந்து மேசைக்கு வந்தார். ரத்தம் பட்டையின்மேல் கொட்டியது, முன்சுவரிலிருந்து கிழக்குச் சுவர்வரை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கையைப் பிடித்தேன். ஸ்கேலை எடுத்து வீசினார். என் புருவத்தில் பட்டது. இப்போதும் அங்கே முடி முளைப்பதில்லை.

"நான் மடிக்கக் கூடாதா? இப்ப மடிக்கிறேன் பாருங்கடா" என்று வெறும் தெருவைப் பார்த்துக் கத்தினார். விரலைத் துண்டால் கட்டி, அதன்மேல் செல்லோடேப் சுற்றினார். வக்கீலின் குமாஸ்தா மாலைக்குள் வந்துவிடுவார். புது அட்டை வெட்ட நேரமில்லை, கையும் இல்லை. ரத்தம் பட்ட பட்டையைத் தூக்கிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

பட்டையைக் கவிழ்த்துப் போட்டார். பின்பக்கத்தில் ரீஃபிலால் கோடு இழுத்து, இடது கையால் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கமாக மடித்தார். ரத்தம் உள்ளே போனது. வெள்ளை வெளியே வந்தது.

"பொறட்டி மடிக்கிறியே மாமா" என்றேன்.

"ரத்தத்தோட குடுக்கச் சொல்றியா?"

நான் கணிதம் படித்தவள். ஆனாலும் அப்போது அதற்குமேல் யோசிக்கவில்லை. கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் இடதுபக்கப் பை வலதுபக்கம் போய்விடும். வீடும் அப்படித்தான். கதவைத் தெருப்பக்கம் வைத்து முருங்கைமரமும் தெருவும் குறித்திருந்த பலகையில் அவர் ஒட்டியபோது, கிழக்கே இருக்க வேண்டிய சன்னல் மேற்கே போயிருந்தது. காத்தாயி உட்கார்ந்த இடத்தைப் பார்த்தபடி ஒரு வெறும் சுவர் நின்றது. மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி இருந்தது. உடைந்த கையோடு இப்படி மடித்தாரே என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

மறுநாள் திண்டிவனம் கோர்ட்டுக்கு அவரால் பெட்டியைத் தூக்க முடியவில்லை. நான் தூக்கிக்கொண்டு அவரோடு போனேன்.

காத்தாயி கூண்டில் நின்றாள். வக்கீல் வீட்டை மேசைமேல் வைத்ததும் ஒருகணம் அவரே அதை உற்றுப் பார்த்தார். அவர் சன்னலின் உயரத்தைப் பற்றிப் பேச வந்தவர். இங்கே சன்னலே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, நீங்க உக்காந்த எடம் இது. இங்கேருந்து எந்தச் சன்னல் வழியா பாத்தீங்க?"

காத்தாயி குனிந்து பார்த்தாள். "அய்யா, இது எம் பொண்ணு வூடே இல்லீங்க."

"அளந்து செஞ்சதும்மா."

"சன்னலு இந்தப் பக்கம்யா! இங்க! இங்கதான் அவ தலைய மோதினான்!" அவள் வெறும் சுவரைக் குத்திக் காட்டினாள். அட்டை கொஞ்சம் உள்ளே அமுங்கியது.

"பாத்தும்மா, செவுத்த ஒடச்சி சன்னல் வச்சிடாதீங்க" என்றார் வக்கீல். பின்னால் யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீல் வழக்குக் கட்டைப் புரட்டினார். போலீஸ் வரைந்த படத்தில் வீடு என்பது வெறும் சதுரம்தான், சன்னல் போடவில்லை.

"நான் பெத்தவ செத்தத எந்தப் பக்கத்துலேருந்து பாத்தேன்னு எனக்குத் தெரியாதா?" என்று காத்தாயி அலறினாள். சத்தம் போடக் கூடாது என்று ஜட்ஜ் சொன்னார். பிறகு கேட்டார்: "இதைச் செஞ்சது யாரு?"

மாமா எழுந்து நின்றார்.

"நேர்ல போய் அளந்தீங்களா?"

"ஆமாங்க."

"அளந்தபடியே இருக்கா?"

அவர் வீட்டைப் பார்த்தார். வக்கீலை அல்ல, காத்தாயியை அல்ல, வீட்டை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். துண்டு சுற்றிய கட்டைவிரல் முன்னாலிருந்த பெஞ்சின் விளிம்பில் ஒரு கோடு இழுத்தது. காத்தாயிக்குப் பின்னால், கதவோரத்தில், ஷட்டரில் தொங்கிய சின்னவன் நின்றுகொண்டிருந்தான்.

"இருக்குதுங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில், திண்டிவனம் தாண்டியதும், "சட்டையப் பொறட்டிப் போட்ட மாதிரி ஆயிடுச்சிடி" என்றார்.

"தெரிஞ்சுதா? அப்ப சொல்லியிருக்கலாமே மாமா."

"யாருக்கு? இத ஒடச்சவனுங்களுக்கா?" விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். துண்டு நனைந்திருந்தது. "அவனுங்க ஒடைக்காம இருந்தா வெளிப்பக்கம் வெளியில வந்திருக்கும். அவனுங்களே செஞ்சிக்கினது."

கணக்கு அவருக்குச் சரியாக இருந்தது. எனக்கும் அன்று கொஞ்சம் சரியாகத்தான் தோன்றியது. விரலை உடைத்தவன் வேறு, மகளைப் பெற்றவள் வேறு என்பது எனக்கு உறைக்க நாளானது. நானும் ஏன் எழுந்து சொல்லவில்லை என்று கேட்டால், கேட்கப்படாதவள் பேசக் கூடாது என்று நினைத்தேன் என்பேன். அது பதில் ஆகாது.

நான்கு மாதத்தில் இளவழகன் விடுதலையானான்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் செஞ்சியில்தான் பஸ் மாறுவார்கள். அடுத்த அமாவாசையன்று காத்தாயி கடைக்கு வந்தாள். கூட்டம் ரோட்டில் நெரிந்தது. அவள் காலிலிருந்த செருப்பைக் கழற்றி மாமாவின் கன்னத்தில் அடித்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொன்று. தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது பிடரியில் விழுந்தது. கை ஓய்ந்ததும் அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சன்னலு எந்தப் பக்கம்?" என்றாள்.

"கெழக்க."

"தெரியுதுல்ல? அத எழுதிக் குடு. மேல்கோர்ட்டுக்குப் போவலாம்னு வேற வக்கீலு சொல்றாரு. செஞ்சவனே தப்புன்னு சொன்னா கேப்பாங்களாம்."

"எழுதித் தரேன்."

"எங்க அண்ணன் பசங்க செஞ்சது தப்புதான். அதுக்கு என்ன வேணா கேளு. செத்தவள அதுல சேக்காத."

அவள் போன பிறகு அவர் புது அட்டை எடுத்தார். நோட்டைத் திறந்து அதே அளவில் நான்கு சுவரையும் வரைந்தார். நகம் கோணலாக, இரண்டு பிளவாக வளர்ந்திருந்தது. இழுத்தால் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு விழுந்தது. ரீஃபிலால் சரி செய்தார். டைப் அடிக்கும் கடைக்குப் போய்ப் பத்திரத்தாளில் வாக்குமூலமும் அடித்து வந்தார்: 'நான் செய்த மாதிரி வீடு என் தவறால் இடம் வலம் மாறிவிட்டது. சன்னல் கிழக்குச் சுவரில் இருந்தது.' நான்தான் படித்துக் காட்டினேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

"கையெழுத்து போடு மாமா."

"காலையில போடறேன். இந்த நேரத்துல கை நடுங்குது."

காலையில் இளவழகன் வந்தான். யார் சொன்னார்கள் என்று தெரியாது. தனியாகத்தான் வந்தான், வெள்ளைச் சட்டை, சந்தனம். ஒரு காகிதக் கட்டை மேசைமேல் வைத்தான்.

"கல்யாணப் பத்திரிகை மாமா. எனக்குத்தான். முந்நூறு. நீதான் மடிச்சித் தரணும், உன் மடிப்பு ராசியான மடிப்பு."

 இளவழகன் மேசையிலிருந்த கட்டரை எடுத்து, பிளேடை ஒவ்வொரு பல்லாக வெளியே தள்ளினான். ஒரு பள்ளிக்கூடத்துக்காகச் செய்து வைத்திருந்த கல்யாண மகால் அங்கே இருந்தது. அதன் மேலடுக்கிலிருந்து கீழ்வரை நிதானமாக அறுத்துக்கொண்டே வந்தான். அறுத்து முடிந்ததும் பிளேடை என் துப்பட்டா முனையில் துடைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

"இதுவும் நல்லா மடிச்சிருக்க. ஆனா உள்ள ஒண்ணுமில்ல பாரு" என்றான். "ஏதோ எழுதறன்னு சொன்னாங்க. கோர்ட்டுல ஒண்ணு சொல்லிட்டு அப்புறம் மாத்திச் சொன்னா உள்ள போட்டுருவாங்களாம் மாமா. வக்கீல் சொன்னாரு. பாத்துக்க."

அவர் முந்நூறு பத்திரிகையையும் மடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேலை வைத்து, தூக்கி, பிளந்த நகத்தால் இழுத்து, ஒவ்வொன்றாக. மணப்பெண் பெயர் வளர்மதி என்று அச்சடித்திருந்தது. மடிப்பு சரியாக அந்தப் பெயருக்குக் கீழே விழுந்தது.

அதன் பிறகு காத்தாயி அமாவாசைதோறும் வந்தாள். அடிக்கவில்லை. வாசலில் நின்று "போட்டியா?" என்று மட்டும் கேட்பாள். "அடுத்த வாரம்" என்பார். ஒருமுறை, "செருப்பக் கழட்டட்டுமா?" என்றாள். "கழட்டு" என்று கன்னத்தைக் காட்டினார். அவள் காறித் துப்பிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். வாங்கிக்கொள்ள அவர் தயாராக இருந்தார், கொடுக்கத்தான் இல்லை. காலையிலேயே குடிக்க ஆரம்பித்தார். கண் மஞ்சளானது. வயிறு ஊதியது. கடைசி மாதம் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். வெறும் போர்வையில் நகம் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். நான் பேனாவைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு விரலால் பிடித்து, உருட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போன தை மாதம் செத்துப்போனார். வயது நாற்பத்தெட்டு.

பதினாறாம் நாள் கடையைக் காலி செய்யப் போனேன். மேசை இழுப்பறையில், கல்யாண மகாலின் அறுந்த துண்டுகளுக்கு அடியில், அந்த அட்டை இருந்தது. கோடெல்லாம் சரியான பக்கத்தில் இழுத்து, ஒன்றுகூட மடிக்காமல். அதன்மேல் வாக்குமூலம், மூன்றாக மடித்து.

ஷட்டரை இறக்கப் போனபோது காத்தாயி வந்து நின்றாள். அன்று அமாவாசை என்பதே எனக்கு மறந்துவிட்டது. சாவுச் செய்தி அவளுக்குத் தெரிந்திருந்தது. அழவில்லை, வைதுகொண்டும் வரவில்லை.

"வளர்மதி கையில கட்டு போட்டிருக்கா" என்றாள். "கெணத்தாண்ட வழுக்கி வுழுந்துட்டாளாம்."

நான் அட்டையை மேசைமேல் போட்டு, ஸ்கேலை வைத்துத் தூக்கினேன். முன்சுவர், கிழக்குச் சுவர், பின்சுவர், மேற்குச் சுவர். காத்தாயி சன்னலுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். விட்ட விரலை எடுக்காமலே கேட்டாள்.

"கையெழுத்து போட்டானா?"

வாக்குமூலத்தைப் பிரித்தேன். மூன்று பாகமும் விரிந்தன. அடிப்பாகத்தில் அவர் பெயர் டைப் அடித்திருந்தது. அதற்குமேல், கையெழுத்துக்கு விட்ட இடத்தில், நகம் இழுத்த இரண்டு வெறும் கோடுகள் மட்டும் இருந்தன.

"இல்ல" என்றேன்.